இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டவர்

1975ஆம் வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மதுரை அரசரடியில் குடியிருந்த ஆங்கில விரிவுரையாளர் அனந்தராமனின் வலது காதிலிருந்து ஒரு வெள்ளைக் குதிரை வெளியே வந்தது. வரும்போது புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே புகுந்து பக்கத்து வீட்டுக் கொல்லையில் கால் வைத்தபோது முழுக்குதிரை ஆகிவிட்டது. அங்கே பிலோமினாள் டீச்சர் பழைய வேட்டியில் பிழிந்து காயப்போட்டிருந்த கூழ்வத்தலை மிதித்துக்கொண்டு, வேலியைத் தாண்டிக் காளவாசல் பக்கமாக ஓடியது. அனந்தராமன் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். குளம்புச் சத்தம் இடது காதில் நுழைந்து வலது காதில் தேய்ந்து மறைந்தது மட்டும் அவருக்குத் தெரியும். இசைத்தட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து, "என்ன தெளிவு! என்ன தெளிவு!" என்று சொல்லிக்கொண்டார். நசுங்கிய வத்தலுக்கு அவர் வீட்டிலிருந்து யாரும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஹெட்போனும் அந்த இசைத்தட்டும் முந்தின வருஷம் சிங்கப்பூரிலிருந்து அவருடைய அத்திம்பேர் கொண்டுவந்தவை. தட்டின் உறையில், நட்டநடு வயலில் ஒரு பல் வைத்தியர் நாற்காலி போட்டிருந்தது. அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அது ஆழமான விஷயம் என்று அனந்தராமன் தன் நண்பர்களுக்கு விளக்கிச் சொன்னார். தட்டின் பெயர் இங்கே முக்கியமில்லை. அவரே அதை ஒருநாளும் சரியாக உச்சரித்ததில்லை. வாசித்தது நாலு இங்கிலீஷ்காரப் பையன்கள். நாலு பேருக்கும் தோள் வரைக்கும் முடி. அனந்தராமனுக்கு உச்சியில் வழுக்கை விழ ஆரம்பித்திருந்ததால் மிச்சமிருந்த முடியைக் காதுக்கு மேலே வளர்த்துப் பார்த்தார். அது ஹெட்போனுக்கு இடைஞ்சலாக இருந்தது. மறுவாரமே நாவிதரிடம் போய்விட்டார்.

அந்தக் காலத்து மதுரையில் சத்தத்துக்கு எந்தக் குறையும் இல்லை. ஆடி பிறந்தால் ஒவ்வொரு வேப்பமரத்திலும் ஒரு குழாய் ஸ்பீக்கர் காய்க்கும். டீக்கடைக்கு ஒரு ரேடியோ, சைக்கிள் கடைக்கு ஒரு ரேடியோ, இரண்டுக்கும் நடுவில் வீடு கட்டிய பாவத்துக்கு ஒரு குடும்பம். எந்தப் பாட்டு எந்தக் குழாயிலிருந்து வருகிறதென்று யாரும் பிரித்துக் கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றியதும் இல்லை. இடது, வலது என்கிற பேதமெல்லாம் அந்த ஜனங்களுக்குச் செருப்பு மாட்டும்போது மட்டும்தான். அனந்தராமன் இவர்களை வெறுத்தார். அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊரை வெறுப்பதற்குக் கொஞ்சம் யோக்கியதை வேண்டும். ஹெட்போன் மட்டும் போதாது.

அந்த மாதிரித் தட்டுகள் ஹெட்போனில் ஏன் அவ்வளவு நன்றாகக் கேட்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. அதை அவரே வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். அந்தப் பையன்கள் ஒரே அறையில் கூடி உட்கார்ந்து வாசிப்பதில்லை. ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இன்று மேளம், நாளைக்குக் கித்தார், அடுத்த வாரம் பாட்டு என்று தனித்தனியாகப் பதிவுசெய்து, அப்புறம் ஒருவர் உட்கார்ந்து இது இடது காதுக்கு, இது வலது காதுக்கு, இது இங்கிருந்து கிளம்பி அங்கே போகட்டும் என்று பங்கு வைக்கிறார். ஸ்பீக்கரில் போட்டால் அந்தப் பங்கெல்லாம் வீணாகிவிடும். இரண்டு பக்கத்துச் சத்தமும் இரண்டு காதிலும் விழும், சுவரில் மோதித் திரும்பும், மின்விசிறி கடகடக்கும், அடுப்படியில் யாராவது தேங்காய் துருவுவார்கள். ஹெட்போனில் இடது இடதுக்குத்தான், வலது வலதுக்குத்தான். பாடகன் வாய் திறப்பதற்கு முன்னால் மூச்சு வாங்குவது கேட்கும். கம்பியில் விரல் வழுக்குவது கேட்கும். நாற்காலி கிறீச்சிடுவது கேட்கும். சங்கீதம் எதிரே நடப்பதில்லை. கேட்கிறவர் மண்டைக்குள் பாய் விரித்து நடக்கிறது. அதற்கு உள்ளே நல்ல விசாலமான காலி இடம் வேண்டும். அனந்தராமனிடம் அது தாராளமாக இருந்தது. அந்தத் தட்டு லண்டனில்கூட அப்படி ஒலித்திருக்காது.

இடது காதில் நுழைந்த எதையும் தடுத்து நிறுத்த உள்ளே ஒன்றும் இல்லாததால் எல்லாம் வலது காது வழியாக வெளியே போயின. குதிரையைப் பிடித்தது ரயில்வே ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி ஓட்டிய காளை என்பவர். சொந்தக்காரர் யாரென்று விசாரித்துக்கொண்டு போலீஸ்காரர் ஒருவர் அரசரடிக்கு வந்தார். அனந்தராமன் அவரிடம் திண்டாட வைக்கிற இங்கிலீஷில் அரை மணி நேரம் பேசி அனுப்பிவைத்தார். மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு, ஐந்து வயது, நல்ல ஆரோக்கியம், சீமைச் சாதி என்றார். காளை அதை வண்டியில் பூட்டினார். ஒரே ஒரு குறைதான். தட்டில் இடமிருந்து வலமாக மட்டுமே ஓடிப் பழகிய குதிரையானதால் அது வலது பக்கம் மட்டுமே திரும்பியது. "இந்தா பாருங்கண்ணே," என்பார் காளை, ஏறுகிறவர்களிடம் முன்கூட்டியே. "இடது பக்கம் போகணும்னா மூணு வாட்டி வலது பக்கம் திரும்பித்தான் போகும். அம்புட்டுத்தான். அவசரம்னா ரிக்சாவுல போங்க." மாசி வீதிகளில் கோயிலை வலப்பக்கமாக வைத்துச் சுற்றிச் சுற்றி வந்ததால், அந்தக் குதிரைக்குப் பக்தி அதிகம் என்று பெயர் வந்தது. சிலர் அதற்கு விபூதி பூசினார்கள். இந்த ஊருக்கு எது நடந்தாலும் பூசுவதற்கு ஒன்று கையில் இருக்கும்.

அனந்தராமனின் மனைவி விஜயம். கணக்கில் பட்டம் வாங்கி, ஆசிரியப் பயிற்சியும் முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள். குழந்தை இல்லை. அவள் வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: வேலைக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை அவளுக்கு வேறு இருந்ததில்லை. அதைவிடச் சின்ன ஆசையால் திருப்தி அடைகிற புத்தியும் இல்லை. வீட்டில் மாமனார் ஹாலாஸ்யம், தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். பெண்டாட்டி கை ஓங்கிய வீட்டை மதுரை என்றும், புருஷன் வைத்ததே சட்டமான வீட்டைச் சிதம்பரம் என்றும் சொல்வார்களே, அந்த வீடு மதுரைக்குள்ளேயே ஒரு சிதம்பரம். விஜயம் மாமனாரிடம் கேட்டபோது அவர் ஒரு கோப்பைத் தள்ளுவதுபோலத் தள்ளிவிட்டார். "நேக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. அவன்கிட்டேர்ந்து ஒரு 'ம்' வரட்டும். நீ தாராளமாப் போ."

ஒரு 'ம்'. கதை கேட்கிற குழந்தைகூட உம் கொட்டும். கொட்டாவிட்டால் சொல்கிறவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும். அனந்தராமனுக்கு அதுகூடக் கூடாது. ஹெட்போன் மாட்டியவர் வாய் அசைக்கக் கூடாது, தலை ஆட்டக் கூடாது. ஒயர் சட்டையில் உரசினால் மரம் அறுக்கிற மாதிரி உள்ளே கேட்கும் என்பது அவர் வகுத்த விதி. விஜயம் அவருக்கு இடப்பக்கம் பாயில் உட்கார்ந்து, ஒரு பாட்டுக்கும் மறு பாட்டுக்கும் இடையில் வருகிற சின்ன இடைவெளிக்காகக் காத்திருந்து கேட்பாள். "ஏன்னா, கேக்கறேளா? நான் வேலைக்குப் போகட்டுமா?" அது இடது காதில் நுழைந்து, குதிரை போன வழியே வலது காதால் போய்விடும். ஹெட்போன் இல்லாத நேரத்திலும் அதே கதிதான். ஒயர் மட்டும் இருக்காது. சாப்பிடும்போது பேசக் கூடாது, கல்லூரிக்குக் கிளம்பும்போது பேசக் கூடாது, நண்பர்கள் வந்திருக்கும்போது எட்டிப் பார்க்கவே கூடாது.

அந்த நண்பர்கள் நாலு பேர். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் வந்து, ஒரே ஹெட்போனை முறைவைத்து மாட்டிக்கொண்டு, மாட்டாத மற்றவர்கள் மாட்டியவர் முகத்தைப் பார்த்து ரசிப்பார்கள். அதில் ஒருவர் தமிழ் விரிவுரையாளர். ஊரில் யாருக்கும் காது இல்லை என்பதில் நாலு பேருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. விஜயம் கொண்டுவந்து வைத்த காப்பியை, வைத்தது யாரென்று நிமிர்ந்து பார்க்காமல் குடித்துவிட்டுப் போவார்கள்.

வலது காதால் போன சொற்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதைப் பிலோமினாள் டீச்சர்தான் சொன்னாள். அவளுடைய அடுப்படியும் அனந்தராமனின் முன்னறையும் ஒரே சுவரைப் பங்கிட்டிருந்தன. சிஸ்டர்மார் நடத்துகிற பெண்கள் பள்ளியில் வேலை; புருஷன் ஜேசுராஜ் தூத்துக்குடி துறைமுகத்தில் இருந்தான். குழாயடியில் ஒருநாள் குடத்தை வைத்துவிட்டு விஜயத்திடம் பேச்சுக் கொடுத்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க சார்கிட்ட கேக்குறதெல்லாம் எங்க அடுப்படிச் செவுத்துல வந்து விழுதுக்கா."

"எதெல்லாம்?"

"வேலைக்குப் போகட்டுமான்னு. ஒருத்தி கேக்குறப்ப பேசாம இருந்தா மரியாதையில்லன்னு நான் 'ம்', 'ம்'னு சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். ஒங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கலையே."

"அது சரி. ஒங்க பக்கத்துல இருந்துதான் காத்து அடிக்குது போல." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "பேரையூர்ல எங்க சிஸ்டர்மாரு பள்ளிக்கூடம் தொறந்திருக்காங்க. கணக்கு டீச்சர் கெடைக்காம அல்லாடுறாங்க. அந்த வறண்ட ஊருக்கு யாரு வருவா? ஹாஸ்டல்லயே தங்கிக்கலாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் பேசுறேன்."

ஒரு வார்த்தை விஜயத்திடம் இருந்தது. அவளுக்கு வேண்டியது அரை வார்த்தை. அது கிடைக்கவில்லை. அடுப்படிச் சுவரில், எண்ணெய்க் கறை மாதிரி, அவள் கேட்டதெல்லாம் படிந்துகொண்டே வந்தது. பிலோமினாள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சுண்ணாம்பு அடிப்பாள். பொங்கலுக்குள் கறை திரும்ப வந்துவிடும். இப்படியே நெருக்கடி நிலை வந்து போனது, இரண்டு ஆட்சிகள் மாறின, வைகையில் ஒருமுறை வெள்ளம் வந்தது, பேரையூர்ப் பக்கம் மழையே வரவில்லை. பேரையூர்ப் பள்ளிக்கு வந்த கணக்கு டீச்சர்கள் எல்லாரும் வெயில் தாங்காமல் ஓடிப்போய்க்கொண்டிருந்தார்கள். விஜயத்துக்குக் காதோரம் நரை விழுந்தது. அனந்தராமனுக்கு அதே தட்டில் இன்னும் புதிது புதிதாக என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தது. பெண்டாட்டி என்கிற ஒருத்தி வருஷக்கணக்காக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிற வீட்டில், இங்கிலீஷ்காரன் நாற்காலி கிறீச்சிடுவதைக் கேட்டுச் சிலிர்த்துப்போகிற ஆளை என்ன செய்வது? இந்த ஊர் அவரை ரசிகர் என்றது.

1981இல் ஹாலாஸ்யத்துக்குச் சந்தேகம் வந்தது. மருமகளைப் பற்றியோ மகனைப் பற்றியோ அல்ல, தட்டைப் பற்றி. மகன் இத்தனை வருஷம் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்கிற விஷயம் சாஸ்திர விரோதமாக ஏதாவது இருக்குமோ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆடி வீதி பிரதட்சிணம் முடித்து வந்த ஈரக் காலோடு, ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். முதல் பக்கத்தில் குதிரை ஓடியதைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு கித்தார் தலையைச் சுற்றிச் சுற்றி வருகிற இடம் உண்டு. அனந்தராமனும் நண்பர்களும் மெய்ம்மறக்கிற இடம் அதுதான். ஹாலாஸ்யம் அதை முழுசாகக் கேட்டார். வலது பக்கம் கிளம்பி, நெற்றி வழியாக இடது பக்கம் போய், பிடரி வழியாகத் திரும்பியது கித்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"டேய், இது அப்பிரதட்சிணம்டா!"

சுவாமியை வலம் வருவார்கள். பிணத்தை இடம் வருவார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையின் தலையை ஒரு சீமைக் கித்தார் இத்தனை வருஷமாகப் பிணத்தைச் சுற்றுகிற மாதிரி சுற்றியிருக்கிறது. இதற்கு என்ன பிராயச்சித்தம் என்று யோசித்து, அவரே கண்டுபிடித்தார். ஹெட்போனைத் திருப்பி மாட்ட வேண்டும். இடது காதுக்குள்ளது வலதில், வலது காதுக்குள்ளது இடதில். அப்போது கித்தார் ஒழுங்காக வலம் வரும். ஐரோப்பா முழுவதையும் விமர்சிக்கிற அனந்தராமன், நாற்பதை நெருங்குகிற ஆண்பிள்ளை, "அதுல லெஃப்டுக்கு எல்லுன்னு போட்டிருக்கே அப்பா" என்று முனகிப் பார்த்தார். "எல்லுன்னா என்ன, எள்ளுன்னா என்ன! ரெண்டும் ஒரே காரியத்துக்குத்தான். திருப்பி மாட்டு," என்றார் ஹாலாஸ்யம். அனந்தராமன் திருப்பி மாட்டிக்கொண்டார். தகப்பனார் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தட்டு முதலிலிருந்து ஓடுவதை மேற்பார்வை பார்த்தார்.

அதுவரை இடமிருந்து வலமாக ஓடிய மண்டை, அன்றைக்கு வலமிருந்து இடமாக ஓட ஆரம்பித்தது. முதலில் குதிரை வந்தது. ஸ்டேஷன் வாசலில் பூட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக இடது பக்கம் திரும்பி, அரசரடிக்கு ஓடிவந்து, பிலோமினாளின் கொல்லை வழியாக ஜன்னலில் சிறுத்துப் புகுந்து வலது காதுக்குள் போனது. இடது காது வழியாக வந்து முன்னறையில் பெரிதாகி நின்றது. விஜயம் எழுந்து அதன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிவந்த காளை, வாசலில் நின்று, "எங் குதிர ஒங்க சார் காதுக்குள்ள போயிருச்சும்மா," என்றார்.

"வெளிய வந்துடுத்து. பிடிச்சுக்கோங்கோ," என்றாள் விஜயம்.

காளை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் குதிரை இடது பக்கம் மட்டுமே திரும்பியது. கோயிலை அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிற குதிரை வண்டியில் யாரும் ஏறவில்லை. விபூதி பூசியவர்களே கல்லெடுத்தார்கள். காளை தத்தனேரி சுடுகாட்டுப் பக்கம் வண்டியைக் கொண்டுபோனார். அங்கே அந்தத் திசை யாருக்கும் உறுத்தவில்லை.

குதிரை போனதும் விஜயம் பாயில் உட்கார்ந்தாள். முதல் பாட்டு முடிந்து இடைவெளி வந்தது. மாமனார் எதிரே இருக்கிறாரே என்று தயங்கவில்லை, பழக்கம் அப்படி. "ஏன்னா, கேக்கறேளா? நான் வேலைக்குப் போகட்டுமா?" சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் பிலோமினாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை கேள்வி மண்டைக்குள் போகாமல் ஜன்னல் வழியாக நேராகவே அவள் காதில் விழுந்தது. வழக்கம்போல, மரியாதைக்கு, "ம்" என்றாள். காற்று இப்போது அந்தப் பக்கத்திலிருந்து அடித்தது. அந்த 'ம்' சுவரைத் தாண்டி, அனந்தராமனின் வலது காதில் நுழைந்து, இடது காதால் வெளியே வந்து, முன்னறையின் நடுவில் கணீரென்று விழுந்தது.

விஜயம் மாமனாரைப் பார்த்தாள். ஹாலாஸ்யம் மகனைப் பார்த்தார். மகனுடைய உதடு அசையவில்லை. வந்தது பெண்குரல் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் முப்பது வருஷம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த மனுஷர். தான் எழுதிய வாசகத்தைத் தானே மீறுகிற துணிச்சல் அந்த ஜாதி உத்தியோகஸ்தர்களுக்கு வராது. அவர்களிடம் மெச்சுவதற்கு உள்ளது அது ஒன்றுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அவன்கிட்டேர்ந்து வரணும்னேன். எது வழியா வரணும்னு நான் சொல்லலை. போ."

அவள் மறுநாள் காலைப் பஸ்ஸில், திருமங்கலம் வழியாகப் பேரையூர் போனாள். பிலோமினாள் பஸ் ஸ்டாண்டு வரை வந்து பெட்டியை ஏற்றிவிட்டாள். சந்தோஷத்தில் விஜயத்துக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் இல்லை. அனந்தராமனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். அது அவருடைய வலது காதில் நுழைந்து இடது காதால் போனது. ரசத்தில் ருசி மாறியிருக்கிறதே என்று அவர் கவனித்தபோது, சமையலுக்கு வந்த மாமி வேலைக்குச் சேர்ந்து வெகுநாளாகியிருந்தது. அவர் வருத்தப்பட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ரசத்தில் மிளகு கூடுதல் என்று சொன்னார்.

பிலோமினாளின் அடுப்படிச் சுவரில் இருந்த கறை அந்த வருஷத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. திருப்பி மாட்டிய ஹெட்போனில் ஒரு புதுக் குரல் கேட்க ஆரம்பித்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், மேளத்துக்கு அடியில், மிக மெல்லிசாக ஒரு பெண் குரல். ஸ்பீக்கரில் போட்டால் கேட்காது. ஹெட்போனில்தான் கேட்கும், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால். அனந்தராமன் பரவசத்தில் நண்பர்களுக்கு ஆள் அனுப்பினார். இத்தனை வருஷம் இத்தனை தடவை கேட்டும் வெளிப்படாத அடுக்கு ஒன்று இப்போது வெளிப்பட்டிருக்கிறது. மகத்தான தட்டு என்றால் இதுதான் அடையாளம், கேட்கக் கேட்கத் திறக்கும் என்றார். நாலு பேரும் முறைவைத்து மாட்டிக் கேட்டார்கள். அந்தப் பெண் எந்த மொழியில் பாடுகிறாள் என்று வருஷக்கணக்கில் விவாதம் நடந்தது. ஒருவர் பல்கேரிய மொழி என்றார். இன்னொருவர் வேல்ஸ் நாட்டுப் பக்கம் அப்படிப் பேசுவார்கள் என்றார். 'ஏன்னா' என்பது அடிக்கடி வருவதால் அது யாரோ ஒரு பெண்ணின் பெயராக இருக்க வேண்டும், இறந்துபோன தங்கையாக இருக்கலாம் என்று அனந்தராமன் முடிவுசெய்தார். தமிழ் விரிவுரையாளர் கண்ணில் நீர் தளும்ப, இது மொழிகள் பிறப்பதற்கு முந்தைய மொழி, இதற்கு அர்த்தம் தேடக் கூடாது என்றார். மண்டையில் நுழைந்த குரல் இடது காதால் வெளியே வந்து வெறும் பாயில் விழுந்துகொண்டிருந்தது. அதன் மேல் நடந்துதான் அவர்கள் காப்பி குடிக்கப் போனார்கள்.

1983இல் ஹாலாஸ்யம் காலமானார். உறவுக்காரர்கள் தத்தனேரிக்குக் காளையின் வண்டியில்தான் போனார்கள். குதிரை கேட்காமலே இடது பக்கம் திரும்பியது. மாமனாரின் திவசத்துக்கு விஜயம் வருஷா வருஷம் வருவாள். மடியாகச் சமைத்துப் போட்டுவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிடுவாள். பேரையூரில் அவளிடம் கணக்குப் படித்த பெண்கள் தாலுகா ஆபீசிலும் தபால் ஆபீசிலும் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். வகுப்பில் யார் கேள்வி கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், முழுசாகக் கேட்டுவிட்டு முதலில் 'ம்' சொல்வாள், அப்புறம்தான் பதில் சொல்வாள் என்று அந்தப் பக்கத்தில் அவளுக்குப் பெயர்.

1987ஆம் வருஷத் திவசத்தன்று பிராமணாள் சாப்பிட்டுப் போனபிறகு, அனந்தராமன் அவளை முன்னறைக்குக் கூப்பிட்டார். என்ன தோன்றியதோ, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவளிடம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ள நினைத்தார். "நீயும் ஒரு தடவை கேளேன். நோக்குப் புரியாது. இருந்தாலும் கேளு," என்றார். அவள் இடப்பக்கத்துப் பாயைப் பார்த்தாள். பிறகு சுற்றிவந்து அவருக்கு வலப்பக்கம், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவரே ஹெட்போனை எடுத்து அவள் தலையில் மாட்டிவிட்டார்.

குதிரை ஓடியது. பையன்கள் பாடினார்கள். நன்றாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்வதில் அவளுக்குச் சிரமமில்லை. பாட்டு முடிந்து இடைவெளி வந்தபோது, யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பேசலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கிய மூச்சு. அப்புறம், "ஏன்னா, கேக்கறேளா?" என்றது. இருபத்தெட்டு வயதுக் குரல். கேட்டால் பதில் வரும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்த குரல். அவள் மண்டை காலியாக இல்லாததால் குரல் உள்ளேயே நின்றது. தன் குரல் அவ்வளவு அழகாக இருந்தது என்று விஜயத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "நான் வேலைக்குப் போகட்டுமா?" என்று கேட்டது குரல்.

"ம்," என்றாள் விஜயம்.

"பேசாதே, ஒயர் உரசும்," என்றார் அனந்தராமன். தட்டு முடியும் வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஹெட்போனைக் கழற்றியதும் கேட்டார்: "எப்படி?"

"நன்னா இருக்கு. அவ கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லலையா?"

"அதுதான் கலை," என்றார் அவர்.

அவள் கையை அலம்பிக்கொண்டு, பிலோமினாள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, ஐந்தரை மணிப் பஸ்ஸுக்குப் போனாள். அந்தச் சனிக்கிழமை நாலு பேரும் வந்தபோது தட்டில் அந்தக் குரல் இல்லை. ஊசி தேய்ந்துவிட்டது என்று அனந்தராமன் சொன்னார். சிங்கப்பூரிலிருந்து புது ஊசி வந்தது. குதிரை வந்தது, கித்தார் வந்தது, நாற்காலி கிறீச்சிட்டது, பாடகன் மூச்சு வாங்கினான். அவள் மட்டும் வரவில்லை. சில மாதம் காத்திருந்து பார்த்துவிட்டு அனந்தராமன் ஹெட்போனைப் பெட்டியில் போட்டு மூடினார். அந்தத் தட்டு அப்படியொன்றும் பிரமாதமில்லை, இதற்கு ஸ்பீக்கரே போதும் என்று நண்பர்களிடம் சொன்னார். அவர்களும் ஆமாம் என்றார்கள்.